கோல் வலைக்குப் பின்னால் அக்கா

அக்காவின் நினைவு மலரில் ஹாக்கியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று குடும்பத்தார் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவரோடு பாதி ஆயுளை மைதானத்தில் கழித்தவன் நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆட்டம் நடக்கும்போது அந்தப் பந்து எங்கே இருக்கிறது என்று இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒருமுறைகூடச் சரியாகத் தெரிந்ததில்லை. பந்து சின்னது, வேகம் அதிகம், செம்மண் புழுதி வேறு. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வேன். அவர் கை தட்டினால் தட்டுவேன், எழுந்தால் எழுவேன். ஒருமுறை முந்தானையைச் சரிசெய்ய அவர் எழுந்ததைப் பார்த்து நானும் எழுந்து விசிலடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டிருந்தது. சுற்றியிருந்தவர்கள் அடிக்கவில்லை, கோயமுத்தூர்க்காரர்கள். “தம்பிக்கு எந்த ஊருங்க?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஆகவே இதைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஆட்ட நுணுக்கம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் பார்த்தது அக்காவை மட்டும்தான்.

அக்கா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. வயது வித்தியாசம் அதிகம் என்பதால் அவர் அதட்டினார், நான் அடங்கினேன். கடைசி வரை இந்த ஏற்பாட்டில் மாற்றம் எதுவும் வரவில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் பெண்களைச் சேர்த்து ஹாக்கி அணி அமைத்தபோது அக்கா நடு ஆட்டக்காரராக இருந்தார். மாவட்ட அணியில் அவர் பெயர் வந்த மாதத்தில்தான் பெண் பார்க்கவும் வந்தார்கள். அப்பா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அக்காவும் யாரிடமும் கேட்காமல் சீர்ப் பாத்திரங்களோடு ஹாக்கி மட்டையையும் கோவை கணபதியிலிருந்த புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அண்டா குண்டாக்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துப் பார்த்த மாமியார், கொய்யாக்காய் பறிக்கத் தோதாக வளைந்திருக்கிறது என்று பாராட்டினார். அதன் பிறகு அது கொய்யா பறித்தே தேய்ந்தது.

மாமாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்புசெட்டுக்கான உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். நல்ல மனிதர், பேச்சு குறைவு. விளையாட்டு என்பது பள்ளிக்கூடத்தோடு குணமாகிவிடும் ஒரு வியாதி என்பது அவர் கருத்து. பட்டறை நன்றாக ஓடிய காலமும் உண்டு, மின்வெட்டில் படுத்துக்கொண்ட காலமும் உண்டு. படுத்திருந்த காலத்தில் அக்கா பட்டறை ஆட்களுக்குச் சமைத்தார், பாகங்களை எண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டினார், டெலிவரிக்கும் தானே பஸ் ஏறினார். ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த டெலிவரிப் பயணம் ஒன்றில்தான் மாமாவின் நிம்மதி போயிற்று.

பெரியநாயக்கன்பாளையம் போகிற வழியில், மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால் செம்மண் மைதானம் ஒன்று உண்டு. மில் போனாலும் மைதானத்தையும் ஹாக்கி கிளப்பையும் அந்தப் பகுதிக்காரர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். பஸ் ஜன்னல் வழியாக மட்டைகளைப் பார்த்த அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோது பொட்டலம் டெலிவரி ஆகாமல் கையிலேயே இருந்தது. மாமா பொட்டலத்தைப் பார்த்தார், அக்காவின் செம்மண் காலைப் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார்.

“தனியாப் போக வேண்டாம். தம்பியக் கூட்டிட்டுப் போ.”

நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் போடும் சோற்றைத் தின்றுகொண்டு மறுத்துப் பேச வழியில்லை. இப்படித்தான் நான் ஹாக்கி ரசிகனானேன். கல்லூரி முடிந்தது, எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மாறவில்லை.

அந்த மைதானத்தில் இரண்டு பக்கமும் படிக்கட்டு வரிசைகள் உண்டு. அவை முழுக்க ஆண்கள். அக்கா அங்கே உட்காரவில்லை. கோல் வலைக்குப் பின்னால், பந்து வந்து அடிக்கும் என்று யாரும் அண்டாத இடத்தில் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வந்த பந்துகளில் பெரும்பாலானவை என் முழங்காலுக்கு வந்தன. அங்கே எங்களுக்கு ஒரே துணை ஜமால் பாய். டவுன்ஹால் பக்கம் தார்ப்பாய்க் கடை வைத்திருந்தவர், மழை வந்தால் விரிக்கவென்று ஒரு தார்ப்பாயோடுதான் வருவார். மழை பெய்த ஆட்டங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மூன்று பேரும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து பாய் வீட்டுச் சமோசாவைத் தின்போம். எல்லோருக்கும் பந்து தெரியாது என்பதால் எனக்கும் தாழ்வு மனப்பான்மை இருக்காது.

அக்கா அமைதியான ரசிகை இல்லை. ஆனால் எங்கள் பகுதி வழக்கப்படி, திட்டுவதையும் மரியாதை குறையாமல்தான் திட்டுவார். “ஏனுங்க அம்பயரு, கண்ணாடிய ஊட்லயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?” என்பார். தூங்கி வழியும் எங்கள் ஆட்டக்காரரிடம், “சாமி, கொஞ்சம் ஓடுங்க, பந்து உங்களத் தேடிட்டு வராதுங்க” என்பார். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு அணியினர், இந்த ஊரில் வெளியூர்க்காரர்களையும் எவ்வளவு அன்பாக உற்சாகப்படுத்துகிறார்கள் என்று வியந்து போனதாகக் கேள்வி. அன்று அக்கா தொண்டை கட்டும் வரை அவர்களைத் திட்டியிருந்தார்.

அக்கா அந்தக் கிளப்புக்குச் செய்த வேலை ஒன்று உண்டு. கோல் வலைகளை அவர்தான் பின்னிக் கொடுப்பார். ஹாக்கி கோலில் கீழே முழங்கால் உயரத்துக்குப் பலகை இருக்கும், அதற்கு மேலே பின்புறமும் பக்கவாட்டிலும் வலை. பழைய வலை ஆண்டுதோறும் எங்காவது கிழியும். கிளப் நடத்தும் கோப்பைப் போட்டிக்கு முன்னால் செயலாளர் இரண்டு வலைகளையும் பட்டறையில் கொண்டுவந்து போடுவார். அக்கா லேத் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, நைலான் கயிற்றால் கண்ணி கண்ணியாகப் பின்னுவார். இது என்ன மீன் பிடிக்கிற ஊடா என்று மாமா கேட்பார். ஆனால் கயிறு வாங்கி வருவதும் அவர்தான்.

இனி அந்த இறுதி ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆளுக்கொரு விதமாகத் தெரிந்த கதை.

எங்கள் அணி அந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. கோப்பையை வாங்குவதும், பாலிஷ் போடுவதும், பந்தல் போட்டு வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்து வழியனுப்புவதும் எங்கள் வேலை. அந்த ஆண்டுதான் இறுதி ஆட்டம் வரை வந்திருந்தார்கள். கேப்டன் செந்தில், மாமாவின் தம்பி மகன். அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிடும் பிள்ளை. கொய்யா பறித்த அந்த மட்டையைக் கொடுத்து அவனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். அந்தக் கோப்பை செந்தில் கையில் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்பதுகூடச் சின்னச் சொல். அந்த மாதம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அதே மாதத்தில் அக்கா மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. வலை பின்ன நேரம் போதவில்லை. ஒரு பக்கவாட்டு மூலையை மட்டும், மைதானத்தில் போய்ப் பின்னிக்கொள்ளலாம் என்று ஜவுளிக்கடைப் பொட்டலச் சணலால் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தார். மைதானத்துக்குப் போனதும் மறந்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் செய்த ஒரே அசட்டை அதுதான்.

ஆட்டம் ஆளுக்கொரு கோல் என்று சமமாக நின்றது. முடிய இன்னும் சில நிமிடங்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த வலைப்பக்கமாக செந்தில் இடது ஓரத்திலிருந்து ஓடிவந்து பந்தைத் தூக்கி அடித்தான். அடுத்த நொடி பந்து வலைக்குள் கிடந்தது. கிடந்த பந்து என் கண்ணுக்கும் தெரிந்தது. நடுவர் வலது பக்கம் நின்றவர், விசில் ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார். மத்தளம் முழங்கியது. நான் ஜமால் பாயைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பியை எடுத்து வானத்தில் வீசிவிட்டேன்.

எதிரணியின் கோல்கீப்பர் மட்டும் பக்கவாட்டு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து வெளிப்பக்கமிருந்து, சணல் அறுந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்று சொன்னார். நடுவர் வந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஓட்டை இருப்பது உண்மை. பந்து அதில்தான் வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. எங்கள் ஆட்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு, விசில் ஊதியாயிற்று, இனி பேச்சில்லை என்றார்கள். நடுவரும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தேன். அக்கா செருப்பை எல்லைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவைத்துவிட்டு மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே செந்தில், “பெரியம்மா, நீங்க போயி உக்காருங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அதுவரை அவன் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

அக்கா உட்காரப் போகவில்லை. நடுவரிடம் சொன்னார்: “அந்தப் பந்து வெளிய போச்சுங்க. இந்த ஓட்டைல பூந்து வந்துச்சு. நான் இங்கதான் உக்காந்திருந்தேன். இந்த வலையைப் பின்னுனதும் நான்தானுங்க. ஓட்டை என்னுதுங்க.”

மத்தளம் நின்றது. நடுவர் அக்காவையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோல் இல்லை என்று கையசைத்துப் பந்தை எதிரணியிடம் கொடுத்தார். மீதி இருந்த நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கோப்பை வழக்கம்போல வெளியூர் பஸ் ஏறியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். பேருக்காவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். “நீ பாத்தியா கண்ணு?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். “அப்பறம் எப்படிச் செரிங்கற?” என்றார். கணபதி வரும் வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எங்கள் பக்கத்தில் சண்டை போட்டுக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு பகை இருந்தாலும் எதிரே வருகிறவரை “வாங்க” என்று கேட்காமல் இருக்க முடியாது. செந்தில் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு குடும்பமும் இருந்ததால், நாளெல்லாம் “வாங்க பெரியம்மா” என்றும் “சாப்டீங்களா பெரியம்மா” என்றும் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்தான். அக்காவும் “ஆச்சு சாமி” என்று பதில் சொல்லிக்கொண்டே பேசாமல் இருந்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இவ்வளவு ஒற்றுமையான குடும்பமா என்றிருக்கும்.

அடுத்த ஆண்டு வலைகள் பட்டறைக்கு வரவில்லை. கிளப் புது வலை வாங்கிவிட்டதாக ஜமால் பாய் வந்து சொன்னார். அக்கா, நல்லதுங்க பாய், என்றார். அந்த ஞாயிறு மைதானத்துக்குக் கிளம்பவில்லை, அடுத்த ஞாயிறும் கிளம்பவில்லை. யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டை என்னுது என்று சொன்னவரிடமிருந்து வலையைப் பறித்துவிட்டார்களே, அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் சுத்தமான அரிசியை முறத்தில் போட்டுத் திரும்பத் திரும்பக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது கோலுக்குப் பின்னால் ஒரு இரும்பு நாற்காலி. அது போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்பதும் புரிந்தது. மாமாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். மில் மைதானத்துப் பக்கம் டெலிவரி இருந்தால் தானே பஸ் ஏறிப் போனார்.

அதற்கும் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முந்தின வாரம், ஒரு மாலை நான் பட்டறையில் இருந்தேன். செந்தில் பைக்கை நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, அக்கா முன்னால் வைத்தான்.

“பெரியம்மா, வலைங்க” என்றான்.

அக்கா மூட்டையைப் பிரித்தார். புது வலை ஒரு மழைக்காலத்துக்குத் தாங்கவில்லை, நாலு இடத்தில் விட்டுப்போயிருந்தது. கண்ணிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நாயித்துக்கெழமைக்குள்ள வேணுமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“கயிறு இல்லையே சாமி.”

லேத்தில் குனிந்திருந்த மாமா நிமிராமலே, மேல் பலகையில் இருக்கிறது என்றார். எப்போது வாங்கிவைத்தார் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் சமாதானம். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து நடுவரைத் திட்டினார். எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது. நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். ஆட்டத்தைப் பார்த்தேன் என்று நான் சொல்வதை வாசகர்கள் தக்கபடி எடுத்துக்கொள்ளவும்.

கடைசி ஆண்டுகளில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் நாட்களைப் போட்டி நாட்களோடு மோதாதபடி அமைத்துத் தரச் சொல்லி மருத்துவமனையில் வாதாடினார். அங்கிருந்த செவிலியர்கள் அவருக்காக அட்டவணையை மாற்றினார்கள் என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன். நடக்க முடியாமல் போனபின் செந்தில் காரை கோலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவான். கடைசி முறை மாமாவும் வந்தார். அவர் பார்த்த முதல் ஹாக்கி ஆட்டம் அது. கண்ணாடியில் பந்து பட்டுவிடக்கூடாது என்று காருக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கட்டி நின்றுகொண்டார். அக்கா கார் ஜன்னலைத் தட்டி, “ஏனுங்க, நகந்து நில்லுங்க, மறைக்குதுங்க” என்றார். மாமா நகர்ந்தார். பாதி ஆட்டம் போனபின் என்னிடம் மெதுவாக, “இதுல நம்மாளுக யாரு?” என்று கேட்டார். அக்கா காதில் விழாதபடி சொன்னேன்.

ஐப்பசி மழையில், மகளும் மாமாவும் பக்கத்தில் இருக்க, அக்கா வீட்டிலேயே அமைதியாகக் காலமானார். அன்று பந்தலுக்குத் தார்ப்பாய் கொடுத்ததோடு, கொட்டும் மழையில் நின்று தாமே கட்டியும் கொடுத்த ஜமால் பாய்க்கும் அவர் மகன்களுக்கும், கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வலைக்குப் பின்னால் அந்த இரும்பு நாற்காலியை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் கிளப் நண்பர்களுக்கும், தொலைவிலிருந்தெல்லாம் வந்து துக்கத்தில் பங்கெடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் அணி இன்னும் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. எங்கள் அக்கா ஒரு கோப்பையைவிடப் பெரியதை அந்த மைதானத்தில் விட்டுச் சென்றார் என்றே நான் நம்புகிறேன்.

இந்த இடத்தில் முடிப்பதாகத்தான் இருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் செந்திலிடம் காட்டினேன். கடைசி வரி எனக்கே கொஞ்சம் நன்றாக இருப்பதாகப் பட்டிருந்தது. அவன் முழுவதும் படித்தான். கோப்பைக்காகத்தான் அத்தனை நாள் அவன் பேசாமல் இருந்தான் என்று நான் எழுதியிருப்பதாக எடுத்துக்கொண்டு, காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“கப்பு போனதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கலீங்க மாமா. வெளிய போச்சுன்னு சொன்னாங்கல்ல, அதோட நிறுத்தியிருக்கலாம். அம்பயருகிட்டத் தனியா, ‘ஒரு மொழம் வெளியங்க’ன்னு கையில அளந்து காட்டுனாங்க. மொழமெல்லாம் இல்லீங்க. நாலு வெரக்கடைதான்.”